இறைச்சியா, காற்றா? ஸ்வெர்ட்லோவ்ஸ்க் ஆந்த்ராக்ஸ் புதிர் அவிழ்ந்த விதம்

1979 ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில், இன்றைய எகாதெரின்பர்க்கில், ஆட்கள் திடீர் திடீரென்று இறந்தார்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று தொடங்கி ஓரிரு நாளில் உயிர் போனது. நோய் ஆந்த்ராக்ஸ், நம் கால்நடை மருத்துவர்கள் அடைப்பான் என்று சொல்வது. நோயாளிகள் வந்த பகுதிக்கு வடக்கே ‘வளாகம் 19’ என்ற ராணுவ நுண்ணுயிரியல் கூடம் இருந்தது.

செய்தி மேற்கு நாடுகளுக்குக் கசிந்து, 1980இல் அமெரிக்கா விளக்கம் கேட்டது. நோயுற்ற மாடுகளின் இறைச்சி கள்ளத்தனமாக விற்கப்பட்டது, அதைச் சாப்பிட்டவர்கள் இறந்தார்கள் என்று சோவியத் அரசு பதில் சொன்னது. உயிரியல் ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1975இலேயே நடைமுறைக்கு வந்திருந்ததால் இந்தப் பதிலின் கனம் அதிகம். அது பொய்யென்றால் ஒரு வல்லரசு ஒப்பந்தத்தை மீறியிருக்கிறது என்று ஆகும்.

இந்த விளக்கத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட முடியாது. நகரம் அமைந்த யூரல் பகுதியில் ஆந்த்ராக்ஸ் புதிதல்ல. அந்த ஏப்ரலில் நகருக்குத் தெற்கே ஆடு மாடுகள் செத்ததும் உண்மை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ மெசெல்சன், உயிரியல் ஆயுதங்களுக்கு எதிராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். 1988இல் சோவியத் மருத்துவர்கள் அமெரிக்காவுக்கு வந்து தங்கள் தரப்பை விரித்தபோது, இறைச்சிக் கதை நம்பத்தக்கது என்றே அவரும் கருதினார். வளாகம் 19இலிருந்து கிருமி காற்றில் கசிந்தது என்ற எதிர்த்தரப்பிலோ சந்தேகம் நிறைய இருந்தது, நேரடிச் சான்று இல்லை. 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின், ராணுவ வேலைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். நோய் பரவியபோது அந்த மாகாணத்தின் கட்சித் தலைவராக இருந்தவர் அவர். ஆனாலும் அரசியல்வாதியின் மறுப்பு எப்படிச் சான்றாகாதோ, அவருடைய ஒப்புதலும் அப்படியே. இரண்டு விளக்கங்களும் உடலில், வரைபடத்தில், நாட்காட்டியில் என்னென்ன தடயங்களை விட்டிருக்க வேண்டும் என்று தேடிப் பார்ப்பதுதான் வழி.

முதலில் உடல். கிருமி உணவோடு போனால் முதல் அடி குடலுக்கும் அதையொட்டிய நிணநீர்க் கணுக்களுக்கும் (தொற்றை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) விழும். மூச்சோடு போனால் கதை வேறு. ஆந்த்ராக்ஸ் வித்துகளின், அதாவது கிருமி உறங்கிக் கிடக்கும் கடின வடிவத்தின், பருமன் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு. ஐந்து மைக்ரானுக்குக் குறைவான துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே அவற்றை விழுங்கும் தற்காப்பு அணுக்களே, இரு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு அவற்றைச் சுமந்து செல்கின்றன. அங்கு வித்து முளைத்து, பெருகி, நஞ்சைக் கக்குகிறது. கணுக்கள் அழுகி, நடு நெஞ்சில் இரத்தம் கசிந்து பரவுகிறது.

40ஆம் எண் மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்த ஃபைனா அப்ரமோவாவும் லெவ் கிரின்பெர்க்கும் பார்த்தது இதைத்தான். மருத்துவமனைப் பதிவேடுகளை சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆனால் திசுத் துண்டுகளையும் குறிப்புகளையும் இவர்கள் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தார்கள். அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் இந்த வழக்கு இன்றும் வாக்குவாதமாகவே இருந்திருக்கும். 1993இல் அவர்கள் வெளியிட்ட 42 பிரேதப் பரிசோதனை முடிவுகள் அனைத்திலும் நெஞ்சுக் கணுக்களில் இரத்தக்கசிவு இருந்தது. 42இல் 39 பேருக்குக் குடலிலும் இரத்தக்கசிவுப் புண்கள் இருந்தன. இறைச்சிக் கதைக்கு மருத்துவச் சாயம் கிடைத்தது இங்கேதான். ஆனால் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால் எங்கிருந்து வந்தாலும் குடலைத் தாக்கும். அது குடல் வழியாகவே நுழைந்திருந்தால் குடலையொட்டிய கணுக்கள் நொறுங்கியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் 9 பேர் மட்டுமே. உடலுக்குள் பல இடங்களில் புண் இருக்கும்போது எது நுழைவாயில், எது பின்விளைவு என்று பிரித்துச் சொல்வது நிணநீர்க் கணுதான்.

அடுத்தது வரைபடம். 1992இலும் 1993இலும் மெசெல்சன் குழு நகருக்குச் சென்றது. குழுவிலிருந்த சமூகவியலாளர் ஜீன் கில்லெமின் இறந்தவர்களின் வீடுவீடாகப் போய், அந்த ஏப்ரல் முதல் வாரத்தில் அவர்கள் பகலில் எங்கே இருந்தார்கள் என்று விசாரித்தார். 77 நோயாளிகளின் விவரம் சேர்ந்தது. 66 பேர் இறந்தவர்கள், 11 பேர் பிழைத்தவர்கள். வீட்டு முகவரியை மட்டும் வைத்துப் புள்ளியிட்டால் படம் சிதறித் தெரிகிறது. பகலில் வேலை பார்த்த இடத்தை வைத்துப் புள்ளியிட்டதும், வளாகம் 19இலிருந்து தென்கிழக்காக நகர எல்லை வரை சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய பட்டை எழுந்து வருகிறது. அதன் நடுவே, வளாகத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், பலரைப் பலிகொடுத்த ஒரு பீங்கான் தொழிற்சாலை. கள்ள இறைச்சி சந்தையும் சொந்தபந்தமும் போகிற பக்கமெல்லாம் போகும், நேர்கோட்டில் போகாது.

அதே கோட்டை நகருக்கு வெளியே நீட்டினால் ஆடு மாடுகள் செத்த ஆறு கிராமங்கள் வரிசையாக அதன்மேல் விழுகின்றன. கடைசிக் கிராமமான அப்ரமோவோ 50 கிலோமீட்டர் தள்ளி. மனிதர்கள் 4 கிலோமீட்டருக்குள், விலங்குகள் 50 வரை என்பது முரணாகத் தோன்றலாம். ஊதுபத்திப் புகைபோல மேகம் விலக விலக நீர்த்துப்போகிறது; மனிதனை விட ஆட்டுக்கும் மாட்டுக்கும் இந்தக் கிருமி எளிதில் தொற்றும் என்பதால் நீர்த்த மேகமும் அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. விலங்குகளின் சாவு இறைச்சிக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. வரைபடத்தில் வைத்ததும் அதே சாவு எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிட்டது.

நாட்காட்டியில் கவனம் தேவை. இறைச்சி நோய் சில நாட்களில் முடிய வேண்டும், இங்கே ஆறு வாரம் நீண்டதே என்று சிலர் வாதிட்டார்கள். அது பலவீனமான வாதம். அதே இறைச்சியைப் பல வாரம் விற்றிருக்கலாமே. மறுபக்கம், ஒரே நாள் கசிவு எப்படி ஆறு வாரம் கொல்லும் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. வித்துகள் நுரையீரலில் வாரக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். வலுவான பிடி வேறொன்று. நோயாளிகளில் ஐந்து பேர், வளாகம் 19ஐ ஒட்டிய வளாகம் 32 என்ற ராணுவ முகாமில் பயிற்சி வகுப்புக்கு வந்த சேமப்படையினர். அந்த வகுப்பு தொடங்கியது ஏப்ரல் 2, திங்கட்கிழமை. முதல் நோயாளிகளுக்கு அறிகுறி தென்பட்டது அதே வாரத்தில். இடைப்பட்ட நாட்களின் வானிலைப் பதிவை எடுத்துப் பார்த்தால், திங்களன்று பகலில் அந்தப் பட்டையின் திசையிலேயே காற்று வீசியிருக்கிறது. பதிவு எடுக்கப்பட்டது கோல்ட்ஸோவோ விமான நிலையத்தில். எழுதியவர்களுக்கு இந்த விவகாரமே தெரியாது.

சோவியத் ஆயுதத் திட்டத்திலிருந்து பின்னாளில் வெளியேறிய கென் அலிபெக் சொன்னது பரவலாக நம்பப்படுகிறது: உலர்த்தும் இயந்திரத்தின் காற்று வடிகட்டியைக் கழற்றியவர்கள் மாற்றவில்லை, அடுத்த ஷிப்ட் கவனிக்காமல் இயந்திரத்தை ஓட்டியது. நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் அவர் அப்போது அங்கே இல்லை. அவர் சொல்லும் நாள் மார்ச் மாதக் கடைசி வெள்ளி. அன்று அந்த ஐந்து பேரும் வளாகம் 32க்கு வந்திருக்கவே இல்லை. அரசுத் தரப்பைச் சோதித்த அதே உரைகல்லில் அரசுக்கு எதிரானவரின் கூற்றையும் உரசத்தான் வேண்டும். நாள் விஷயத்தில் அது தேறவில்லை.

எவ்வளவு கசிந்தது என்பதில் கணக்கு தள்ளாடுகிறது. 1994இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த மெசெல்சன் குழுவின் மதிப்பீடு, சில மில்லிகிராமிலிருந்து ஏறக்குறைய ஒரு கிராம் வரை. நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த இடைவெளிக்குக் காரணம், மிகக் குறைந்த எண்ணிக்கையில் வித்துகளை உள்ளிழுப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பது அளக்கப்படாததே. பாதிக் குரங்குகளைக் கொல்ல ஆயிரக்கணக்கான வித்துகள் வேண்டும் என்பது சோதனைக்கூடக் கணக்கு. நூற்றில் ஓரிருவரை மட்டும் கொல்லும் அளவு என்ன என்பதற்கு அந்தக் கணக்கைக் கீழ்நோக்கி ஊகித்து நீட்ட வேண்டியிருக்கிறது.

கிருமியின் மரபணு விஷயத்திலும் இழுபறி. 11 பேரின் திசுக்களை ஆராய்ந்த 1998ஆம் ஆண்டு ஆய்வு, பல வகைக் கிருமிகள் கலந்திருந்ததாகச் சொன்னது. 2016இல் இருவரின் திசுக்களிலிருந்து முழு மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள் கண்டது இயல்பான ஒரே வகை. செயற்கையாக மாற்றியதற்குத் தடயம் எதுவும் இல்லை. இருவரை வைத்து மற்ற எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொரு முடிச்சும் மிச்சமிருக்கிறது. நோயாளிகளில் 24 வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. பட்டைக்குள் குழந்தைகள் இருந்திருப்பார்கள். வகுப்பறைக்குள் இருந்ததால் தப்பினார்களா, இளவயதினருக்கு இந்தத் தொற்றில் ஏதேனும் தடுப்பு இருக்கிறதா? இறைச்சி விளக்கத்தாலும் இதைச் சொல்ல முடியவில்லை. ஒரே சோற்றைக் குழந்தையும் சாப்பிடுமே. கே.ஜி.பி. எடுத்துப்போன மருத்துவமனைப் பதிவேடுகளில், லேசான காய்ச்சலோடு வந்து பிழைத்துத் திரும்பிய இளையவர்களின் பெயர்கள் இருந்தால் இதற்கு விடை கிடைக்கும்.