பல் ஊசி வலித்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

சென்ற வாரம் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா வந்தார். 58 வயது. வலது தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. மூன்று வாரமாகக் கிராம்பு எண்ணெயும் பெனடோலும்தான் வைத்தியம். "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டேன். "பல்லைப் பிடுங்குனா பரவாயில்ல டாக்டர். அந்த ஊசியை நினைச்சாத்தான்..." என்று கண் கலங்கினார். இருபது வருடத்துக்கு முன்பு யாரோ ஒருவர் அவருடைய மேலண்ணத்தில் ஒரே அழுத்தாக ஏற்றிய ஊசி அது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பல் கிளினிக் வாசலையும் மிதிக்கவில்லை. என்னால் அன்று அவருக்குச் செய்ய முடிந்தது, கடிதம் எழுதி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அனுப்பியது மட்டும்தான். இந்த வருடத்தில் இப்படி நான் அனுப்பிய நான்காவது ஆள் அவர்.

அதனால்தான் எழுதுகிறேன். பொறுமை போய்விட்டது.

எல்லோரும் ஊசி முனையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். "டாக்டர், சின்ன ஊசியா போடுங்க" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். பல் ஊசியில் 25, 27, 30 என்று கேஜ் உண்டு, எண் கூடக்கூட ஊசி மெலிசு. எந்த ஊசி என்று சொல்லாமல் குத்திச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. முனை தோலைத் துளைப்பது ஒரு நொடி. அதற்குப் பிறகு வருகிறதே, அந்த இறுக்கமும் எரிச்சலும், அது மருந்து நீர் சதைக்குள் இடம் பிடிக்கிற வலி. கன்னத்துச் சதை தளர்வானது, நீர் போனால் விலகி இடம் கொடுக்கும். மேலண்ணம் எலும்போடு இறுக ஒட்டியது. அங்கே வேகமாக அழுத்தினால் யாராக இருந்தாலும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்கள்.

மருந்தும் சும்மா தண்ணீர் அல்ல. நாங்கள் அதிகம் பயன்படுத்தும் லிக்னோகெய்ன் என்ற மரக்கும் மருந்தோடு, இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் சேர்ந்திருக்கும். அட்ரினலின் கெட்டுப்போகாமல் இருக்க மருந்தைப் புளிப்பாகவே வைத்திருக்கிறார்கள். அதன் பிஹெச் (புளிப்பு அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.5 வரைகூட இறங்கும், கிட்டத்தட்ட ஆரஞ்சுச் சாறு. நம் உடம்பு 7.4. அதை ஒரே தள்ளாகத் தள்ளினால் எரியத்தான் செய்யும். மெதுவாக விட்டால் உடம்பே அந்தப் புளிப்பைச் சமன் செய்துகொள்ளும். தோலில் தையல் போடுகிறவர்கள் பத்துக்கு ஒரு பங்கு சோடியம் பைகார்பனேட் கலந்து எரிச்சலைக் குறைப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே முக்கியமானது வேகம். ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம். ஒரு கார்ட்ரிட்ஜில், அதாவது சிரிஞ்சில் போடும் மருந்துக் குழாயில், 1.8 அல்லது 2.2 மில்லி இருக்கும், முழுவதும் ஏற்ற இரண்டு நிமிடம் ஆகும். எம்ஆர்டி ரயில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் போகிற நேரம். அந்த நேரத்தை மிச்சம்பிடித்து என்ன சாதிக்கிறோம்?

இதை வாசிக்கும் இளைய பல் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. மரக்கவைக்கும் ஜெல்லைத் தடவிய கையோடு குத்தாதீர்கள். முதலில் ஈறைத் துடைத்துக் காயவையுங்கள், பிறகு தடவுங்கள், ஓரிரு நிமிடம் காத்திருங்கள். எச்சில் மேல் பூசிய ஜெல் எச்சிலோடு போய்விடும். கன்னத்தை இழுத்துப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே ஊசியைச் செலுத்துங்கள். மேலண்ணத்தில் குத்துவதற்கு முன், பல்லின் வெளிப்பக்கம் போட்ட ஊசி வேலை செய்யும்வரை பொறுங்கள். பல தடவை குத்திய ஊசியின் முனை மழுங்கியிருக்கும், மாற்றுங்கள். குளிர்ந்த மருந்தை அப்படியே ஏற்றாதீர்கள். உதவியாளர் சிரிஞ்சை நோயாளியின் கண்முன்னால் நீட்டாமல் தாடைக்குக் கீழே கொடுக்கட்டும். "இப்ப நல்லா வலிக்கும்" என்று முன்கூட்டியே சொல்லி வலியைக் கூட்டாதீர்கள்; "கொஞ்சம் அழுத்தம் தெரியும், நான் கூடவே இருக்கேன்" என்றால் போதும்.

இனி நோயாளிகளுக்கு. தயவுசெய்து தாமதிக்காதீர்கள். சீழ் பிடித்த சதை தானே புளிப்பாக மாறிவிடும். அங்கே மரக்கும் மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது. "எனக்கு ஊசி போட்டும் மரக்கல" என்பவர்களில் பலர் இப்படித்தான், பல் நன்றாக அழுகிய பிறகு வந்தவர்கள். பயத்தில் ஒத்திப்போடப்போட ஊசி அதிகம் வலிக்கும், குறைவாக வேலை செய்யும். கிராம்பு எண்ணெயை ஊற்றி ஈறைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கிவைப்பது அதைவிட மோசம், சதை வெந்து வெளுத்துவிடும்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு வந்து மயங்குவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். மருந்துப் பட்டியலை எடுத்து வாருங்கள். முன்பு ஊசி போட்டபோது நெஞ்சு படபடத்தது என்றால் அதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் அது அட்ரினலினின் வேலை, சில நிமிடத்தில் அடங்கிவிடும். இந்த ஊசிக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. ஆனால் சொல்லாமல் மறைத்தால் எங்களால் மருந்தை மாற்றவும் முடியாது, அளவைக் குறைக்கவும் முடியாது. ஊசி போடும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருங்கள். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்தச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். நாங்கள் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே அந்த வாக்கியம் எங்கள் வேலையைக் கெடுத்துவிடுகிறது. வீட்டுக்குப் போனபின் உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களும் அதுவரை சூடான கோப்பி குடிக்க வேண்டாம்.

கிளினிக்குக்கு போன் செய்து நேரம் வாங்கும்போதே, "எனக்கு ஊசி என்றால் பயம்" என்று முகப்பில் சொல்லிவிடுங்கள். எங்கள் கிளினிக்கில் அப்படிச் சொல்பவர்களுக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டதாம். இன்னொரு பக்கத்துப் பல்லைப் பார்க்க அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறார். அன்று காலையில் அவருக்குப் பிறகு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.