ஜிஃப் படத்துக்குள் ஒரு கணினி

"லிங்க் எதையும் தொடவே இல்லை, அப்புறம் எப்படி போனுக்குள் பெகாசஸ் வரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெகாசஸ் என்பது போனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் மென்பொருள். எதையும் தொடாமலே வரும். 2021-இல் சவூதி செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபோனில் அப்படித்தான் வந்தது. கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் என்ற ஆய்வகம் அந்த போனில் சிக்கிய கோப்புகளை ஆப்பிளுக்கு அனுப்ப, செப்டம்பர் 13-இல் ஓட்டை அடைக்கப்பட்டது. மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு டிசம்பரில் அதன் சூட்சுமத்தை விரிவாக எழுதியது. பெகாசஸை விற்கும் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனமோ, பயங்கரவாதத்தையும் பெருங்குற்றங்களையும் தடுக்க அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது.

வந்தது ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜ் வழியாக, பெயரளவில் ஒரு ஜிஃப் (அசையும் படம்) கோப்பாக. ஜிஃப் திரும்பத் திரும்ப ஓட வேண்டும் என்பதால் செய்தி திரையில் தெரிவதற்கு முன்பே போன் அதைத் திறந்து தயார்செய்துவிடும். திறக்கும் நிரல் கோப்பின் பெயரை நம்பாது, உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் வகையை முடிவுசெய்யும். உள்ளே இருந்தது ஒரு பிடிஎஃப். அதற்குள் ஜேபிக்-2 என்ற பழைய முறையில் சுருக்கிய கறுப்பு வெள்ளைப் படம்.

இந்த ஜேபிக்-2 ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்குவதற்காக வந்தது. ஒரு பக்கத்தில் 'க' முந்நூறு இடங்களில் வந்தால் ஒரே ஒரு 'க'வின் படத்தை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்கு 'அதையே இங்கே ஒட்டு' என்று கட்டளை எழுதும். ஒட்டியது அசலோடு சற்றே மாறுபட்டால், மேலே இன்னொரு சிறு படத்தை வைத்துப் புள்ளி புள்ளியாகத் திருத்தும். அந்தத் திருத்தத்துக்கு அது பயன்படுத்தும் செயல்கள் ஆண்ட், ஆர், எக்ஸார், எக்ஸ்நார்: 0, 1 என்ற இரண்டு மதிப்புகளை எடுத்து ஒரு விடை தருபவை. பிளஸ் டூ இயற்பியலில் படித்த அதே லாஜிக் கேட்டுகள்தான்!

இனி ஓட்டை. எழுத்துப் படங்களின் மொத்த எண்ணிக்கையைக் கூட்டும்போது விடை 32 பிட்டுக்குள் (அதாவது 32 இரும இலக்கங்களுக்குள்) அடங்காவிட்டால் சுழன்று சிறிய எண்ணாகிவிடும். அந்தச் சிறிய எண்ணுக்கு ஏற்ப நினைவகத்தில் இடம் ஒதுக்கிவிட்டு, அதைத் தாண்டியும் எழுதிக்கொண்டே போகும். அப்படி எழுதியதில், பக்கத்தின் அகலம் உயரம் என்ன என்ற குறிப்பும் அழிந்து மாறியது. பக்கம் எங்கே முடிகிறது என்பது நிரலுக்குத் தெரியாமல் போகவே, 'இங்கே ஒட்டு' என்ற கட்டளை பக்கத்துக்கு வெளியே உள்ள நினைவகத்தையும் எட்டியது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. இரும எண்ணில் 1-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 10. அதே ஒன்றையும் ஒன்றையும் எக்ஸார் செய்தால் 0, ஆண்ட் செய்தால் 1. முதலாவது கூட்டலின் இலக்கம், இரண்டாவது அடுத்த தானத்துக்குப் போகும் மீதி. ஆக, படத்தைத் திருத்த வந்த கட்டளைகளைக் கொண்டே கூட்ட முடியும். தாக்குதலை வடிவமைத்தவர்கள் அதையே செய்தார்கள். 70,000-க்கும் மேற்பட்ட கட்டளைகளை வரிசைப்படுத்தி, ரெஜிஸ்டர்களும் (எண்களைத் தற்காலிகமாக வைக்கும் இடங்கள்) 64 பிட் எண்களைக் கூட்டும் சுற்றும் ஒப்பிடும் சுற்றும் கொண்ட ஒரு குட்டிக் கணினியையே ஒரு படத்துக்குள் கட்டிவிட்டார்கள். அடுத்தகட்டத் தாக்குதலை நடத்தியது அந்தக் கணினி. இவ்வளவு மூளையும் ஒருவரை உளவு பார்க்கவா செலவாக வேண்டும் என்பதுதான் என் ஆற்றாமை.

டெலிபோன் ஒட்டுக்கேட்பு கேட்பதோடு நின்றது. சாதனத்துக்குள் இறங்கியவர் கேட்கலாம், எழுதவும் செய்யலாம். பீமா கோரேகான் வழக்கில் கைதானவர்களில் ஒருவர் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சாமி; 2021 ஜூலையில், காவலில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய கணினியில் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் வழியாக ஆவணங்கள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2022-இல் அறிக்கை தந்தது. இது பெகாசஸ் அளவுக்கு நுட்பமானதும் இல்லை. ஆர்சனலின் முடிவுகளை வழக்கை விசாரிக்கும் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) ஏற்கவில்லை. ஆனால் இந்த வழக்கில் பயன்படுத்திய உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவைப் பாருங்கள்: குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. மேலோட்டமாகப் பார்க்கும்போது திணித்த கோப்பும் உண்மையான கோப்பும் ஒன்றுபோலவே இருக்கும். அது திணிக்கப்பட்டது என்று நிரூபிக்க விசாரணை வரை காத்திருக்க வேண்டும், அதுவரை சிறை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டார்கள். நடைமுறையிலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் கண்காணிப்புக்கு அனுமதி தருவது உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் மத்தியக் குழுவில் இருப்பவர்களும் செயலாளர்களே. இந்த வரிசையில் நீதிபதி எங்குமே இல்லை. இந்தியாவில் பெகாசஸ் வழியாக உளவு பார்த்ததாக எழுந்த புகாருக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்து ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகச் சொன்னது. அது பெகாசஸ்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதாகத் தலைமை நீதிபதி ரமணாவே 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொன்னார். டொரான்டோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் செய்யும் வேலையைச் செய்ய அண்ணா பல்கலைக்கழகத்திலும் ஐஐடிகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அரசைக் கேட்காமல் எந்தக் குடிமகனின் போனையும் பரிசோதிக்கும் உரிமையோடு அவர்களுக்குப் பொதுப்பணத்தில் நிதி ஒதுக்க வேண்டும்.