100 கஜத்தில் அரை அங்குலம் தள்ளினால்

அமெரிக்காவில், தொலைநோக்கி (ஸ்கோப்) பொருத்திய ரைஃபிளால் படுத்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டிகளில், 1000 கஜத்தில் நிற்கும் அட்டையின் 10 மதிப்பெண் வளையத்துக்கு 10 அங்குல விட்டம். 100 கஜத்தில் ஸ்கோப்பை ஜீரோ செய்யும்போது, அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்யும்போது, அரை அங்குலம் தள்ளியிருந்தால், அங்கே அது 5 அங்குலம். காற்றே வீசாவிட்டாலும், நீங்கள் எவ்வளவு நிதானமாகச் சுட்டாலும், தோட்டாக்கள் வளையத்தின் ஒரு பக்க விளிம்பை ஒட்டித்தான் படும். "கிட்டத்தட்ட நடுவில்தானே பட்டிருக்கு, போதும்" என்று பாயை விட்டு எழப் பார்ப்பவர்களை நான் விடுவதே இல்லை.

"ஸ்கோப் கெட்டுப்போச்சு" என்று வருபவர்களிடம் முதலில் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்ட் திருகுகளைத்தான் பார்க்கிறேன். பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். கை பலத்தை நம்பாமல், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) முடுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்கு இழை நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். .308 ரைஃபிளுக்கு 100 கஜ ஜீரோவிலிருந்து 1000 கஜத்துக்குச் சுமார் 35 எம்ஓஏ (கோண அளவு; ஓர் எம்ஓஏ 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம்) ஏற்ற வேண்டியிருக்கும். துப்பாக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் அந்த ஏற்றமும் சாய்ந்து, அங்கே சுமார் 6 அங்குலம் பக்கவாட்டில் விலகும்.

ஆரம்பம் 25 கஜத்தில். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து குழல் வழியே அட்டையின் நடுவைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியை அசைக்காமல் குறுக்கு இழையை அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பெரிய அட்டை வையுங்கள். முதல் தோட்டா எங்கே போனதென்றே தெரியாமல் சுடுவது ஆபத்து. கால் எம்ஓஏ டரட்டில் (ஸ்கோப்பின் திருத்தக் குமிழ்) ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கஜத்தில் அதே நகர்வுக்கு நான்கு மடங்கு கிளிக் வேண்டும். டரட்டில் உள்ள 'மேலே' அம்புக்குறி தோட்டா படும் இடத்தைச் சொல்கிறது, இழையை அல்ல. இதில் குழம்பாத புதியவரை நான் பார்த்தது குறைவு.

100 கஜத்துக்குப் போனதும் பாராலாக்ஸை (கண் நகர்ந்தால் இழையும் நகர்வதாகத் தெரியும் பிழை) சரிசெய்யுங்கள். துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் லேசாக அசைத்தால், இழை அட்டைமேல் நகரக் கூடாது.

இனிதான் பொறுமை வேண்டும். ஒரு தோட்டா வலப்புறம் போனதும் டரட்டைத் திருகுவது, அடுத்தது இடப்புறம் போனதும் திரும்பவும் திருகுவது. இப்படி ஒரு பெட்டி தோட்டாவைத் தீர்த்தாலும் ஜீரோ வராது. எந்தத் துப்பாக்கிக்கும் இயல்பான சிதறல் உண்டு. டரட்டைத் தொடாமல், குறிவைக்கும் புள்ளியை மாற்றாமல் ஐந்து தோட்டாக்கள் சுடுங்கள். அந்தக் குரூப்பின் நடுவைக் கண்டுபிடித்து, அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, ஒரே தடவையில் திருத்துங்கள். குழல் ஆறட்டும். பிறகு இன்னொரு ஐந்து. குரூப்பே இரண்டு அங்குலம் அகன்றிருந்தால் கால் அங்குலத் திருத்தத்துக்கு அர்த்தமில்லை. மூச்சையும் விசை இழுப்பையும் கவனியுங்கள்.

தோட்டாவின் வகையையும் பெட்டியில் அச்சிட்ட லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். லாட் மாறினாலோ, பயணத்தில் துப்பாக்கி அடிபட்டாலோ மறுபடி சரிபாருங்கள். இதெல்லாம் உரிமத்தோடு, அனுமதி பெற்ற களத்தில், கள அதிகாரியின் கட்டளைப்படி மட்டுமே. அட்டையைப் பார்க்க யாராவது முன்னே நடக்கிறார்கள் என்றால் போல்ட் திறந்து, துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்கோப் வழியே பார்ப்பதற்காகக்கூடத் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.