கன்டெய்னர் கதவைச் சாத்தும் முன்

தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்டாக இருக்கிறேன். ஏற்றுமதிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர், ஷிப்பிங் பில்லுக்கு (சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணம்) எல்.இ.ஓ. கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். நம் சுங்கத்துறை சரக்கை வெளியே விடுவதற்குத் தரும் உத்தரவுதான் அது. போய் இறங்கும் நாட்டின் சட்டம் வேறு. அதற்கான வேலையில் பாதியை இங்கேயே, ஸ்டஃபிங் (கன்டெய்னருக்குள் சரக்கை அடுக்குவது) நடக்கும்போதே முடித்தாக வேண்டும்.

அரவக்குறிச்சிப் பக்கமிருந்து அமெரிக்காவுக்கு முருங்கை இலைப்பொடி போனது. சரக்கை அடுக்கும் மரப் பேலட் எல்லாவற்றிலும், பூச்சி இல்லாதபடி பதப்படுத்திய மரம் என்பதற்கான முத்திரை சரியாக இருந்தது: கதிர் படம், ஐ.என். என்ற நாட்டுக் குறி, பதிவு எண், எச்.டி. என்ற எழுத்து. எச்.டி. என்றால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, விடாமல் 30 நிமிடம் நின்றிருக்கிறது என்று பொருள். ஆனால் லோடு ஆடாமல் இருக்க, கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு துண்டுக் கட்டையை யாரோ முட்டுக் கொடுத்துவிட்டார்கள். பட்டைகூட உரிக்காத கட்டை. முத்திரை கிடையாது.

அமெரிக்க அதிகாரிகள் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான். அமெரிக்காவிலேயே பூச்சி கொல்லும் புகை போட்டுக் கொடுத்துவிடுகிறோம் என்று சரக்குக்காரர் தரப்பில் கேட்டுப் பார்த்தார்கள். அதற்கு அங்கே வழியில்லை. கன்டெய்னரோடு திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். பொடியில் ஒரு குறையும் இல்லை. போக வர கப்பல் வாடகை பொடியை அனுப்பியவர் தலையில் விழுந்தது. அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டு கட்டைக்கு இவ்வளவா என்று தோன்றும். 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் மரத்தைத் துளைக்கும் ஆசிய நீளக்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். பெட்டி, பேலட் மரத்தில் ஒளிந்து வந்தது என்றே கருதுகிறார்கள். அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது லேபிள். இதில்தான் நம் ஆட்கள் அதிகமாகச் சறுக்குகிறார்கள். முருங்கைப்பொடிப் பாக்கெட்டில் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று ஆசையாக ஒரு வரி போடுகிறார்கள். அந்த ஒரு வரியால், உணவாகப் போன பொருளை, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., அனுமதி பெறாத மருந்தாகப் பார்க்கும். அனுமதி மறுத்துவிட்டால் 90 நாளுக்குள் அங்கிருந்து வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். பாக்கெட்டில் ஆங்கிலத்தில் 'புராடக்ட் ஆஃப் இந்தியா' இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பொடி அரைக்கும் ஆலைக்கு எஃப்.டி.ஏ. பதிவு வேண்டும். அதை ஒவ்வோர் இரட்டைப்படை ஆண்டிலும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். பல பேர் ஒருமுறை எடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஐ.எஸ்.எஃப். தாக்கல்: சரக்கின் விவரங்களை அமெரிக்கச் சுங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பது. இதைச் செய்ய வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர். தவறினால் 5,000 டாலர் வரை அபராதமும் அவருக்குத்தான். ஆனால் தயாரித்தவர் யார், எந்த நாட்டுப் பொருள், எச்.எஸ். கோட் (பொருளை வகைப்படுத்தும் சுங்க எண்) என்ன என்ற விவரமெல்லாம் நம்மிடமிருந்துதான் போக வேண்டும். அமெரிக்கா போகும் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே முக்கிய விவரங்கள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நம் சரக்கு கொழும்பில் தாய்க்கப்பலுக்கு, அதாவது அமெரிக்கா போகும் பெரிய கப்பலுக்கு மாறினால், 24 மணி நேரக் கணக்கு அங்கே ஏற்றுவதை வைத்துத்தான். இருந்தாலும் தூத்துக்குடியில் ஃபீடர் (கொழும்பு வரை கொண்டுபோகும் சிறு கப்பல்) கிளம்பும் முன்பே நான் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவேன். கோடில் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் ஆறு இலக்கம்தான் பொது. நம்முடையது எட்டு இலக்கம், அமெரிக்காவில் பத்து. வரி எவ்வளவு என்பது அந்தப் பத்தில் முதல் எட்டு இலக்கத்தை வைத்துத் தெரியும்.

கூரியரில் போகும் சிறு பார்சல்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். 800 டாலர் மதிப்பு வரையிலான பார்சலுக்கு அமெரிக்காவில் இருந்த வரிச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

இப்போதெல்லாம் லேபிள் அச்சுக்குப் போகும் முன் மாதிரியை அனுப்பச் சொல்கிறேன். ஸ்டஃபிங் முடிந்ததும், சீல் போடுவதற்கு முன் மூன்று படம் வேண்டும்: பேலட் முத்திரை கிட்டத்தில் ஒன்று, தரை ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று. முட்டுக் கொடுப்பதென்றால் காற்றுப் பை வையுங்கள். கட்டைதான் வேண்டுமென்றால், முத்திரை உள்ள கட்டையாக இருக்கட்டும்.