டிரான்ஸ்னிஸ்ட்ரியா: எந்தக் கரை?

உக்ரைன் போர்ச் செய்திகளில் அவ்வப்போது தலைகாட்டும், வாயில் சட்டென நுழையாத பெயர் இது. மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரு நிலப்பகுதியின் பெயர். பிரித்துப் பார்த்தால் எளிதுதான். ‘டிரான்ஸ்’ லத்தீன் சொல், அப்பால் என்று பொருள். ‘நிஸ்த்ரு’ என்பது நீஸ்டர் ஆற்றின் ருமேனியப் பெயர். ஆக, நீஸ்டர் அக்கரை.

சரி, யாருக்கு அக்கரை? மேற்கே, மால்டோவாவின் தலைநகர் கிஷினாவில் இருப்பவர்களுக்கு. கிழக்கே, பிரிந்த பகுதியின் தலைநகரான திராஸ்பொல்காரர்களுக்கு அது சொந்தக் கரை. அவர்கள் சொல்லும் ரஷ்யப் பெயர் ‘பிரிட்னெஸ்த்ரோவியே’. ‘பிரி’ என்றால் ஒட்டினாற்போல், அதாவது நீஸ்டர்க்கரை.

இந்த இழுபறி மொழியில்தான் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் தளர்ந்துகொண்டிருந்த 1989 ஆகஸ்டில், மால்டோவா, ருமேனிய மொழியோடு ஒன்றான தன் மொழியை ஆட்சிமொழியாக்கி, ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. ரஷ்யரும் உக்ரைனியரும் நிறைந்த கிழக்குக்கரை ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. அடுத்து ருமேனியாவோடு இணைத்துவிடுவார்கள் என்ற பயம். 1990 செப்டம்பர் 2இல் தனிக்குடியரசு என்று அறிவித்துக்கொண்டார்கள். 1991 ஆகஸ்ட் 27இல் மால்டோவா விடுதலையை அறிவித்தது. மறு ஆண்டு மார்ச்சில் போர் முற்றியது. அங்கேயே தங்கியிருந்த பழைய சோவியத் 14ஆம் படை திராஸ்பொல் பக்கம் சாய்ந்தது. ஜூலை 21 அன்று மாஸ்கோவில் ரஷ்ய அதிபர் யெல்ட்சினும் மால்டோவா அதிபர் ஸ்னேகுரும் கையெழுத்திட, சண்டை நின்றது. ரஷ்யப் படை மட்டும் போகவில்லை.

‘டிரான்ஸ்னிஸ்ட்ரியா’ என்ற பெயர்மீது திராஸ்பொலுக்கு உள்ள வெறுப்பின் வேர் அந்தப் போரைவிடப் பழையது. 1941 முதல் 1944 வரை, நீஸ்டருக்கும் தென் பூக் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை ருமேனியா பிடித்துவைத்து, ‘டிரான்ஸ்னிஸ்ட்ரியா’ என்றே பெயரிட்டு ஆண்டது. யூதர்களும் ரோமா மக்களும் அங்கே விரட்டப்பட்டு, பெருந்தொகையாக மாண்டார்கள். 2024இல் திராஸ்பொல் தன் எல்லைக்குள் இச்சொல்லையே தடைசெய்தது.

அப்புறம், தமிழில் எப்படி எழுதுவது? ‘நீஸ்டர் அக்கரை’ அழகான சொல்தான், ஆனால் கிஷினாவின் பார்வை அதில் ஒட்டியிருக்கும். மால்டோவாவில் வழங்கும் ‘நீஸ்டரின் இடதுகரை’ பொதுவாகத் தோன்றினாலும், திராஸ்பொல் பிடியிலுள்ள பெண்டெர் நகரம் இருப்பது வலதுகரையில்! ஒலிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, முதல் இடத்தில் மட்டும் ‘மால்டோவாவிலிருந்து பிரிந்த நீஸ்டர்க் கரைப்பகுதி’ என்று விளக்கிவிடுவதே சரி என்பேன். ‘டிரான்ஸ்னிஸ்ட்ரியா நாடு’ என்று மட்டும் எழுத வேண்டாம். அதை ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் ஏற்கவில்லை, ரஷ்யா உட்பட.