மிச்சி-நோ-எக்கி: சாலைக்கும் ஒரு ஸ்டேஷன்

ஜப்பானின் கிராமப்புறச் சாலைகளில் காரில் போனால் அடிக்கடி கண்ணில் படும் பெயர் இது. வண்டியை நிறுத்தி இளைப்பாறி, உள்ளூர் விளைபொருளும் வாங்கிப் போகும் சாலையோர இடம். (‘மிசி’, ‘எகி’ என்று எழுதினால் நாம் வேறு மாதிரி வாசித்துவிடுவோம். அதனால்தான் எழுத்தை இரட்டித்திருக்கிறேன்.)

‘மிச்சி’ என்றால் வழி. ‘நோ’ நம்முடைய ‘இன்’ போல. ‘எக்கி’ ரயில் நிலையம். சொல் வரிசைகூட மாறாமல் ‘வழியின் நிலையம்’ என்று தமிழுக்கு வந்துவிடுகிறது.

இதில் சுவையான சொல் எக்கிதான். ஜப்பானியர் அந்தச் சொல்லுக்கு எழுதும் ஒற்றைச் சீன எழுத்தின் இடது பாதியில் ஒரு குதிரை நிற்கிறது. ஆம், குதிரையைக் குறிக்கும் எழுத்தேதான். பழைய ஜப்பானில் அரசுத் தூதர்கள் குதிரை மாற்றிக்கொள்ள, பெருவழிகளில் சுமார் 16 கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்த இடங்களுக்கே அந்தப் பெயர். 1872இல் ரயில் வந்தபோது மக்கள் ‘ஸ்டேஷன்’ என்பதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ‘ஸ்டென்ஷோ’ என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் குதிரை லாயத்தின் பெயரே நிலைத்தது.

அப்புறம், 1990இல் ஹிரோஷிமாவில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம்: ரயிலுக்கு நிலையம் இருக்கிறது, சாலைக்கு ஏன் இல்லை? 1993இல் 103 இடங்கள் முறைப்படி பதிவாயின. இன்று 1,200க்கு மேல். குதிரையிடமிருந்து ரயில் பறித்த சொல் இப்படித்தான் மறுபடி சாலைக்குத் திரும்பியது.

வண்டி நிறுத்தமும் கழிப்பறையும் 24 மணி நேரமும் இலவசம். ஆனால் ஆட்கள் வருவது அதற்காக மட்டுமல்ல. உள்ளே இலையோடு முள்ளங்கி, வளைந்த வெள்ளரி, பக்கத்து ஊரில் முடைந்த மூங்கில் கூடை. காய்ப் பையில் ஒட்டிய சிறு சீட்டில் விலையோடு விளைவித்தவர் பெயரும் இருக்கும். பல இடங்களில் விலையை வைப்பதே அவர்தான். விற்காததை மாலையில் அவரே எடுத்துப் போவார். சிபா மாவட்டத்தின் தொமியுராவில் பிவா என்னும் மஞ்சள் பழம் பிரபலம். சந்தைக்குத் தேறாத பழங்களை ஜாமும் ஐஸ்கிரீமுமாக மாற்றியே அந்த நிலையம் பேர் வாங்கியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சாலையோர ஓய்விடம்’ என்றால் முள்ளங்கி விடுபட்டுப் போகும். ‘சத்திரம்’ என்றால் படுக்கப் பாய் கேட்பார்கள். இங்கே பொதுவாகத் தங்கும் அறை கிடையாது. ‘சாவடி’ நல்ல சொல்தான், ஆனால் இன்று அதைக் கேட்டாலே சுங்கம் நினைவுக்கு வந்து கை பர்ஸைத் தேடுகிறது. ‘சாலை நிலையம்’ பரவாயில்லை. எனக்குப் பிடித்தது ‘வழிநிலையம்’. மிச்சிக்கு உரிய அதே எழுத்துதான் ஜூடோவில் ‘டோ’ என்று ஒலிக்கிறது. நடக்கும் பாதை, பயிலும் நெறி இரண்டும் அதில் உண்டு. நம் ‘வழி’யிலும் அப்படியே. ‘நிலையம்’ என்பதையோ விடவே கூடாது, ஹிரோஷிமாவில் கேட்ட கேள்வியே அதில்தான் இருக்கிறது.

‘வழிநிலையத்தில் இறங்கி முள்ளங்கி வாங்கினோம்’ என்று எழுதிப் பார்த்தேன். உறுத்தவில்லை.