கொலோனாஸ்கோபிக்கு எந்தப் பேதி மருந்து, எத்தனை மணிக்கு?

பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைதான் கொலோனாஸ்கோபி. கேமரா எவ்வளவு நவீனமாக இருந்தாலும், மலம் படிந்த சுவரில் ஒட்டியிருக்கும் தட்டையான பாலிப் (குடல் சுவரில் வளரும் சதை) கண்ணில் படாது. அதனால்தான் பெருங்குடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சுத்தத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்கள். பாஸ்டன் அளவுகோல் என்று பெயர். ஏதாவது ஒரு பகுதி 2-க்குக் கீழே போனால் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிவரலாம்.

பெரும்பாலானவர்களுக்கு எழுதித் தரப்படுவது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக். 1980-இல் அமெரிக்காவில் ஃபோர்ட்ரான் குழுவினர் வகுத்த கரைசலின் வழிவந்தது. இந்த மூலக்கூறைக் குடல் உறிஞ்சுவதில்லை, பாக்டீரியாவும் தின்பதில்லை. கூடவே உப்புகளும் அளவாகச் சேர்ந்திருப்பதால் உடலிலிருந்து நீரை இழுக்காது, உடலுக்குள்ளும் பெரிதாகத் தள்ளாது. குடித்த தண்ணீரே குடலை அலசிக்கொண்டு வெளியேறும். சிறுநீரகம், இதயம் பலவீனமானவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது. குறை, அளவும் சுவையும்தான்: 2 லிட்டர், சிலருக்கு 4 லிட்டர். சுவைக்காகச் சர்க்கரை கலக்கக் கூடாது. கரைசலின் சமநிலையே கெட்டுவிடும்.

சோடியம் பாஸ்பேட் சின்ன பாட்டில், குடிப்பது சுலபம். ஆனால் அது உடலின் நீரை இழுத்துத்தான் பேதியாக்குகிறது. பாஸ்பேட் சிறுநீரகத்தில் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாக்கியதால், 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கை விடுத்தது. முதியவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரையோ நீர் மாத்திரையோ சாப்பிடுகிறவர்களும் இந்தப் பாட்டிலைக் கையில் வாங்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். பிக்கோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த மருந்து குடிக்க இதமானது. ஆனால் அதற்கு மேல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். இளநீர், எலுமிச்சை உப்புக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். மானிடால் என்ற பேதி மருந்தைக் குடல் பாக்டீரியா நொதிக்கவைத்து எரிவாயு உண்டாக்கும்; பாலிப்பை மின்சாரத்தால் வெட்டும்போது குடலுக்குள் வெடித்து உயிர் போன சம்பவம் 1979-இல் பதிவாகியிருக்கிறது.

மருந்தின் பெயரைவிட நேரம்தான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. முழுவதையும் முந்தைய இரவே குடித்துவிட்டால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த கூழ் இறங்கி, வலப்பக்கப் பெருங்குடலில் பூசிக்கொள்ளும். எனவே பாதி இரவில், மீதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு. கடைசி 2 மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. காலை 9 மணிக்கு என்றால் நாலு மணிக்கு அலாரம் வைத்து, ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். தாம்பரத்திலிருந்து நகருக்குள் வர வேண்டியவர்கள் இன்னும் முன்னதாகவே தொடங்குவது நல்லது. பாதி வழியில் வயிறு அழைத்தால் ஜி.எஸ்.டி. சாலையில் ஒதுங்க இடம் கிடைக்காது.

ஃபிரிட்ஜில் குளிரவைத்து, 10-15 நிமிடத்துக்கு ஒரு டம்ளராகக் குடியுங்கள். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். தொடர்ந்து வாந்தியோ கடும் வயிற்று வலியோ வந்தால் குடிப்பதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

முந்தைய நாள் இட்லி, குழைந்த வெள்ளைச் சோறு, தயிர் போதும். கீரை, முருங்கைக்காய், கொய்யா, தக்காளி விதை வேண்டாம். விதைகள் கருவியின் உறிஞ்சு குழாயையே அடைத்துவிடும். மருந்து தொடங்கிய பிறகு வடிகட்டிய ரசம், பால் விடாத டீ, இளநீர் போன்ற தெளிந்த திரவங்கள் மட்டும். திராட்சை ஜூஸும் ரோஸ் சிரப்பும் ரத்தம் போலத் தெரியும்.

இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக ஒட்டவைக்கும் என்பதால் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரையை வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்துவது உண்டு. இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் இரண்டிலும் சொந்த முடிவு கூடாது.

கடைசியாகப் போவது கட்டியில்லாமல், தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால் குடல் தயார். கலங்கிய பழுப்பாக இருந்தால் கிளம்பும் முன்பே எண்டோஸ்கோபி பிரிவுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். கூடுதல் மருந்து தரலாமா, நேரத்தைத் தள்ளலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.